சுவரில் மாட்டிய அங்கதம்

வீட்டுச் சுவரில் எந்தப் படத்தை மாட்டுவது என்பது ஓர் அறவியல் கேள்வியாகுமா? ஆணியும் சுத்தியும் இருந்தால் முடிந்துவிடும் காரியத்திற்குத் தத்துவ விசாரம் எதற்கு என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பைப் பற்றியதுதான் இக்கட்டுரை. ஆகவே அந்த நகைப்பையும் வரவேற்கிறோம்.

நம் பெற்றோர் காலத்து வீடுகளில் சுவருக்கு இருந்த பணி தெளிவானது. ரவிவர்மா பாணியில் அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் ஒரு பக்கம். மறைந்த தாத்தா, பாட்டியின் படம் ஒரு பக்கம். பட்டமளிப்பு உடையில் மூத்த பிள்ளை. மளிகைக் கடைக்காரர் தந்த நாட்காட்டி. இவையனைத்தும் வணங்குதற்கோ நினைத்தற்கோ உரியவை. கேலி செய்வதற்கென்று ஒரு படத்தைச் சட்டம் போட்டு மாட்டும் வழக்கம் நம்மிடம் இருந்ததில்லை. பிழைப்பை நாடித் தில்லி, மும்பை, கொல்கத்தா என்று குடியேறிய நம் குடும்பங்களின் வரவேற்பறைகளில் இன்று அவ்வழக்கமும் நுழைந்திருக்கிறது. லண்டனிலும் பாரிஸிலும் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அச்சான கேலிச்சித்திரங்களின் மறுபதிப்புகள், பொன்முலாம் பூசிய சட்டத்துக்குள் அமர்ந்து சோபாவுக்கு மேலே தொங்குகின்றன. தொப்பை பருத்த பிரபுவும், பொய்முடி அணிந்த நீதிபதியும், மூக்கு நீண்ட மந்திரியும் காப்பி அருந்தும் விருந்தினரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் யாரென்று விருந்தினருக்கும் தெரியாது. பல வீடுகளில் வீட்டுக்காரருக்கும் தெரியாது. நிறம் திரைச்சீலைக்குப் பொருத்தமாக இருந்தது, வாங்கினோம் என்பார்கள்.

இதில் என்ன குற்றம் என்று கேட்டால், குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மனிதனைக் காயப்படுத்துவதற்கென்றே பிறந்த ஒரு பொருள் அழகுப் பொருளாக மாறும்போது, அதற்கும் நமக்கும் என்ன நேர்கிறது என்பது எண்ணத்தக்கது.

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகையாகப் பகுத்தார். முன்னது நேரே வைவது. பின்னது வசையை மறைத்து வைத்துப் பேசுவது. பின்னதற்கு எடுத்துக்காட்டாகப் புறநானூற்றின் 95ஆம் பாடலைச் சொல்லலாம். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமை கொள்கிறான். அவரோ, இங்குள்ள படைக்கலங்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசப்பெற்றுக் காவல்மனையில் அழகாக இருக்கின்றன என்றும், தம் தலைவனுடையவை பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனின் சிறிய உலைக்கொட்டிலில் கிடக்கின்றன என்றும் பாடுகிறார். புகழ்ச்சி போல் ஒலிக்கும் அச்சொற்களின் பொருள் தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும். மாலையிட்டு மாட்டிய வேல், வேலை செய்யாத வேல்.

கேலிச்சித்திரமும் ஒரு வேல்தான். அதற்குப் பொன்சட்டம் என்னும் மயிற்பீலியைச் சூட்டிவிட்டால் அது என்னவாகும்? நம் கேள்வியை ஔவையாரே தொடங்கி வைத்துவிட்டார் என்று கொள்வோம்.

ஆனால் வரலாற்றைப் பார்த்தால் விடை அத்தனை எளிதாக இல்லை. இவ்வகைப் படங்கள் முதலில் தெருவில் போராடிப் பிற்காலத்தில் சுவரில் ஓய்வுபெற்றவை அல்ல. பிறந்த நாளிலிருந்தே அவற்றுக்குச் சுவர்வாழ்வு இருந்தது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அச்சுப்படங்களைச் சுவரிலேயே ஒட்டி அறை முழுவதையும் நிரப்புவது செல்வர் வீட்டு நாகரிகம். டெர்பிஷயரில் உள்ள கால்க் ஆபி என்னும் மாளிகையில் கேலிச்சித்திர அறை என்றே ஓர் அறை இருக்கிறது. லண்டன் பிக்கடிலியில் கடை வைத்திருந்த ஃபோர்ஸ் என்பவர், மாலை விருந்துகளுக்குக் கேலிச்சித்திரத் தொகுதிகளை வாடகைக்குக் கொடுத்துவந்தார். நம்மூரில் கலியாணத்திற்குப் பாத்திரம் வாடகைக்கு எடுப்பது போல, விருந்தினரைச் சிரிக்கவைக்க அங்கே படங்களை எடுத்திருக்கிறார்கள்! ஏழைகளுக்கு இருந்தது கடைச் சன்னல். புனித ஜேம்ஸ் தெருவில் ஹன்னா ஹம்ப்ரி அம்மையாரின் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தவர் ஜேம்ஸ் கில்ரே. அக்கடையின் சன்னலில் மாட்டிய படங்களைப் பார்க்கக் கூட்டம் கூடுவதையும், அவர்களுக்குப் பின்னால் ஒரு கிழவர் வழுக்கி விழுவதையும் 1808இல் வெளிவந்த ஒரு படத்தில் காணலாம்.

கில்ரேயின் புகழ்பெற்ற படம் 1805இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் பிரதமர் பிட்டும் பிரான்சின் நெப்போலியனும் எதிரெதிரே உணவு மேசையில் அமர்ந்திருக்கிறார்கள். நடுவே ஆவி பறக்கும் பலகாரமாக உலக உருண்டை. நெப்போலியன் ஐரோப்பாவை வாளால் அறுத்தெடுக்கிறான். பிட் கடற்பரப்பைப் பெரிய துண்டாக வெட்டிக்கொள்கிறார். இப்படம் உணவறைக்கு உகந்தது என்று கருதிப் பலர் வாங்குகிறார்கள். உணவைப் பற்றியதுதானே! உண்பவர் இருவரையும் பார்த்துச் சிரிக்கும்போது, தட்டில் கிடப்பவர் யார் என்ற நினைவு இந்தியராகிய நமக்கு வரவேண்டாமா? 1805இல் அந்த உருண்டையில் நாமும் இருந்தோம்.

ஓகார்த்தின் கதை வேறு. அவர் சிரிக்கவைப்பதற்காக மட்டும் வரைந்தவரல்லர், திருத்துவதற்காக வரைந்தவர். தம் செப்புத்தகட்டுப் படங்களைப் பிறர் திருடி அச்சிடுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று போராடி, 1735இல் அச்சட்டம் நடைமுறைக்கு வரும்வரை ஒரு தாந்தோன்றி இளைஞனின் வீழ்ச்சியைக் கூறும் தம் படத்தொடரை வெளியிடாமல் வைத்திருந்தவர். 1751இல் ‘ஜின் சந்து’ என்னும் படத்தை ஒரு ஷில்லிங் விலையில் வெளியிட்டார். குடிவெறியில் தாய் ஒருத்தி மூக்குப்பொடி எடுக்க, அவள் மடியிலிருந்து குழந்தை படிக்கட்டுக்குக் கீழே தலைகுப்புற விழுகிறது. சந்து முழுவதும் அழிய, அடகுக் கடைக்காரன் செழிக்கிறான். அதே ஆண்டில் ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. இப்படம் சுவரில் மாட்டப்பட வேண்டும் என்பதே அவர் நோக்கமாக இருந்திருக்கும். நாள்தோறும் கண்ணில் பட்டால்தானே உறைக்கும்? இன்றோ அதே படம் மதுக்கூடங்களின் சுவர்களை அழகுசெய்வதுண்டு. விழும் குழந்தைக்குக் கீழே அமர்ந்து கிண்ணத்தை உயர்த்துகிறார்கள். குழந்தை விழுந்துகொண்டே இருக்கிறது; ஒருவரும் ஏந்துவதில்லை. பழகிய கண் பார்க்காது என்பதைவிட, அலங்காரம் என்று முடிவுசெய்த கண் பார்க்காது என்பதே பொருத்தம்.

கேலிக்கு ஆளானவர்களே அதை மாட்டிக்கொள்வது இன்னொரு வகை. இதில் பெருந்தன்மையும் உண்டு, தந்திரமும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. இங்கிலாந்தின் நான்காம் ஜார்ஜ் மன்னர் தம்மைக் கேலிசெய்யும் படங்கள் பெருகியபோது, ஜார்ஜ் குரூக்ஷாங்க் என்னும் ஓவியருக்கு 1820இல் 100 பவுன் கொடுத்து, தம்மை ஒழுக்கக்கேடான நிலையில் வரைவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார். விண்ட்சர் அரண்மனையில் அரச குடும்பம் சேர்த்துவைத்திருந்த கேலிச்சித்திரங்களில் சுமார் 10,000 படங்கள் 1921இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு விற்கப்பட்டன. அரசு ஊழியராகிய நமக்கு இது வியப்பளிக்கவில்லை. தனக்கு எதிரான மனுவைக் கோப்பில் சேர்த்துப் பத்திரப்படுத்துவதைவிடச் சிறந்த முறையில் அதை அடக்க முடியாது.

1868இல் லண்டனில் தொடங்கி 1914 வரை நடந்த ‘வேனிட்டி ஃபேர்’ இதழ் இதை இன்னும் நயமாக்கியது. வாரந்தோறும் ஒரு பெரிய மனிதரின் வண்ணக் கேலிச்சித்திரம். ‘ஏப்’, ‘ஸ்பை’ என்னும் புனைபெயர்களில் பெல்லெக்ரினியும் லெஸ்லி வார்டும் வரைந்தார்கள். தொடக்கத்தில் முள் இருந்தது. போகப்போக அது உதிர்ந்தது. அவ்விதழில் கேலிக்கு ஆளாவதே பெருமை என்றாகி, நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் தங்கள் தொழிலைச் சார்ந்த படங்களை அலுவலறையில் மாட்டிக்கொண்டார்கள். தலை சற்றுப் பெரிது, கால் சற்றுக் குச்சி. மற்றபடி அது மரியாதைப் படம்தான். மயிற்பீலி சூடிய வேலுக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

அதே வழக்கறிஞர் அறைகளில் தோமியேயின் படங்களையும் காணலாம். இங்கேதான் நம் ஐயம் தடுமாறுகிறது. ஒனோரே தோமியே பாரிஸில் சிறுவனாக இருந்தபோது நீதிமன்ற அமீனா ஒருவரிடம் எடுபிடி வேலை பார்த்தவர். பிற்பாடு லூயி பிலிப் மன்னனை, ஏழைகள் கூடைகூடையாகச் சுமந்துவரும் காசை விழுங்கும் பூதமாக 1831இல் வரைந்து, அதற்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றவர். 1845 முதல் 1848 வரை நீதித்துறையினரைப் பற்றி அவர் கல்லச்சில் வரைந்த தொடரில் ஒரு படம்: வழக்கில் தோற்று அழுதுகொண்டு வரும் ஏழைப் பெண்ணிடம், நான் வாதாடியதைக் கேட்ட இன்பமாவது உனக்குக் கிடைத்ததல்லவா என்னும் பொருள்பட வழக்கறிஞர் ஆறுதல் சொல்கிறார். இதை ஒரு வழக்கறிஞர் தம் மேசைக்கு எதிரே, தம் கண் படும்படி மாட்டியிருந்தால் அவரிடம் நாம் நம்பிக்கையோடு வழக்கைக் கொடுக்கலாம். கட்சிக்காரரின் கண் படும்படி தம் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தால், கட்டணத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. ஒரே படந்தான், எந்தச் சுவர் என்பதில் இருக்கிறது வேற்றுமை.

வலியவரைப் பார்த்துச் சிரித்த படங்கள் இவை. எளியவரைப் பார்த்துச் சிரித்தவற்றை என்ன செய்வது? இக்கேள்வி நமக்கு அயலானதன்று. ஏனெனில் எழுதுகோல் பிடித்துப் பிழைக்கும் இந்தியனே அவற்றில் பலமுறை தோன்றுகிறான்.

லண்டனில் 1841இல் தொடங்கிய ‘பஞ்ச்’ இதழில் 1890களில் ‘பாபு ஜாபர்ஜி, பி.ஏ.’ என்று ஒரு தொடர் வந்தது. எழுதியவர் ஆன்ஸ்டி, படம் வரைந்தவர் பெர்னார்டு பார்ட்ரிட்ஜ். 1897இல் புத்தகமாகவும் வந்தது. இங்கிலாந்து சென்ற ஒரு வங்காளிப் பட்டதாரி பிழையும் பகட்டுமான ஆங்கிலத்தில் பேசி, போகுமிடமெல்லாம் நகைப்புக்கு ஆளாவதே கதை. பி.ஏ. படித்துவிட்டு மத்திய அரசு அலுவலகத்தில் ஆங்கிலத்தில் குறிப்பெழுதும் நாம் அப்படங்களைப் பார்க்கும்போது, ஜாபர்ஜியின் தொப்பிக்குக் கீழே தெரிவது யாருடைய முகம்?

இதே பாபுவை வேறு இருவரும் கேலி செய்திருக்கிறார்கள். கொல்கத்தாவின் காளிகாட் கோயில் வாயிலில் 19ஆம் நூற்றாண்டில் யாத்திரிகர்களுக்குச் சில காசுகளுக்குப் படம் விற்ற பட்டுவாக்கள் என்னும் ஓவியர்கள், தெய்வப் படங்களோடு பாபுவையும் வரைந்தார்கள். சரிகை வேட்டி, பளபளக்கும் காலணி, வாரிவிட்ட தலை. கணிகையின் காலடியில் கிடப்பான், மனைவியிடம் துடைப்பத்தால் அடிவாங்குவான். ஜெர்மனியிலிருந்து மலிவான வண்ண அச்சுப்படங்கள் வந்திறங்கி அவ்வோவியர்களின் பிழைப்பைக் கெடுத்தன. இன்று அப்படங்களின் மிகப்பெரிய தொகுப்பு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்து, தாகூர் குடும்பத்து ககனேந்திரநாதர், தம் வீட்டிலேயே கல்லச்சுப் பொறி அமைத்து 1917இலும் 1921இலும் வெளியிட்ட கேலிச்சித்திரத் தொகுதிகளில், மேல்நாட்டு உடைக்குள் திணறும் தம் வகுப்பினரையே வரைந்தார்.

ஆக மூன்று பாபுக்கள். மூன்றும் பழைமையானவை, மூன்றும் சுவருக்கு அழகானவை. எதை மாட்டுவோம்? பட்டுவாவின் படத்தையும் ககனேந்திரரின் படத்தையும் தயக்கமின்றி மாட்டுவோம். ஜாபர்ஜியை மாட்ட மனம் வரவில்லை. நம்மவர் கேலி செய்தால் இனிக்கிறது, அயலார் செய்தால் கசக்கிறது என்று இதைக் குறுகிய பற்றாகக் கொள்ளலாகாது. முன்னிருவர் நகைத்தது ஊதாரித்தனத்தை, போலித்தனத்தை. அவை ஒருவன் விரும்பினால் விட்டுவிடக்கூடியவை. பஞ்ச் நகைத்தது வேறொன்றை. ஆட்சியாளரின் மொழியைப் படி என்று சொல்லி, படித்தவுடன் அவன் நாக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் பிறப்பையன்றி வேறு எதையும் அவன் மாற்றியிருந்தாலும் அச்சிரிப்பு நின்றிராது. குற்றத்தை நகைப்பது அங்கதம். பிறப்பை நகைப்பது ஏளனம். இருநூறு ஆண்டு ஆனாலும், மை மங்கித் தாள் பழுத்தாலும், ஏளனம் தொல்பொருளாகிவிடுவதில்லை.

அயல்மாநிலத்தில் வாழும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1960இல் மும்பையில் தொடங்கிய ‘மார்மிக்’ என்னும் மராத்திக் கேலிச்சித்திர வார இதழ், அலுவலகங்களில் பணிபுரியும் தென்னிந்தியரின் பெயர்ப்பட்டியல்களை வெளியிட்டது. பட்டியலில் பெயர் வருவதற்கு ஒருவர் செய்யவேண்டிய குற்றம் ஒன்றுமில்லை. பெயர் இருந்தால் போதும். இதே மும்பையில்தான், மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆர். கே. லட்சுமணும் வரைந்தார். கட்டம்போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்து, வாய்திறவாமல் எல்லாவற்றையும் பார்த்து நிற்கும் அவருடைய சாமானிய மனிதனை மராத்தியரும் தமிழரும் பஞ்சாபியரும் தம்மவன் என்றே கொண்டார்கள். ஒரு நகரம் இரண்டு விதமாகவும் சிரிக்க முடியும்.

தாம் நகைக்கப்படுவதை வரவேற்றவர்கள் நம் நாட்டிலும் உண்டு. 1948இல் ‘சங்கர்ஸ் வீக்லி’ தொடங்கப்பட்டபோது, தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்று சங்கரைக் கேட்டுக்கொண்டார் நேரு. இடித்துரைப்பார் இல்லாத மன்னன் கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்னும் வள்ளுவர் கருத்தை ஒரு பிரதமர் ஓவியரிடம் விண்ணப்பமாக வைத்த நிகழ்ச்சி அது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 1975ஆம் ஆண்டிலேயே அவ்வார இதழ் நின்றது.

ஆயினும் சங்கரின் ஒரு படமே 2012இல் நாடாளுமன்றத்தைக் குலுக்கியது. அரசியல் சட்டம் நத்தையாக ஊர்கிறது. அதன்மேல் அம்பேத்கர் சாட்டையோடு அமர்ந்திருக்கிறார். பின்னால் நேருவும் சாட்டை ஓங்குகிறார். 1949இல் வந்தபோது அது தாமதத்தைப் பற்றிய கேலி. பதினோராம் வகுப்புப் பாடநூலில் அது மறுபதிப்பானபோது, சாட்டை என்பது தலைமுறை தலைமுறையாகத் தம் முதுகில் விழுந்த ஒரு பொருளாக இருந்த மக்கள் அதைக் கண்டார்கள். எதிர்ப்பு எழுந்து படம் நீக்கப்பட்டது. ஓவியரின் நோக்கம் தூயது என்று வாதிட்டவர்கள் சொன்னது உண்மை. மனம் புண்பட்டது என்றவர்கள் சொன்னதும் உண்மை. படத்தை அழிக்கவேண்டும் என்னும் கட்சியில் நாம் இல்லை. ஆனால் வகுப்பறையில் அமர்ந்த பிள்ளை பக்கத்தைப் புரட்டியே ஆகவேண்டும். அவனுக்குக் கண்ணைத் திருப்பும் உரிமை இல்லை. வரவேற்பறைக்கு வரும் விருந்தினர் நிலையும் ஏறத்தாழ அதுவே. நாம் காட்டிய நாற்காலியில்தான் அவர் அமரவேண்டும். நாம் மாட்டிய படத்தைத்தான் பார்க்கவேண்டும். வந்தவரை நோகடிக்கும் உரிமை விருந்தோம்பல் பேசும் மரபில் வந்த நமக்கு எங்கிருந்து வந்தது?

ஆகவே பழைய கேலிச்சித்திரம் வாங்க எண்ணும் அன்பர்களிடம் நாம் கேட்பது இரண்டு. படத்தில் இருப்பவர் யார் என்று அறிந்து வாங்குங்கள். பிள்ளைகள் கேட்டால் சொல்லத் தெரியவேண்டும். அவரோ அவர் வழிவந்தவரோ அதன்கீழ் அமர்ந்து உங்களோடு காப்பி அருந்தக்கூடுமா என்றும் எண்ணிப்பாருங்கள். பிட்டின் நாட்டவரும் நெப்போலியனின் நாட்டவரும் அமரலாம். ஜாபர்ஜியின் பேரன் அமரமாட்டான்.

நம் வீட்டுக்கென்று தேர்ந்தெடுத்தது காளிகாட்டுப் பூனைப் படத்தின் மறுபதிப்பு ஒன்று. நெற்றியில் திருமண், வாயில் ஒரு பெரிய இறால். சைவ உணவு பூண்ட அடியாரின் கண்ணில் தெரியும் அமைதி அதன் கண்ணில் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்ததும் நமக்கு உறவு விளங்கிவிட்டது. ருத்திராட்சப் பூனை என்று நாம் சொல்வது இதைத்தானே! மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஏழாம் நூற்றாண்டிலேயே பல்லவச் சிற்பி ஒரு பூனையைத் தவம் செய்யவைத்து, எலிகளைச் சுற்றிலும் விட்டிருக்கிறான். அரசன் செலவில், அத்தனை முனிவர்களுக்கும் தேவர்களுக்கும் நடுவே, இன்னார் என்று பெயர் குறிக்காமல்! வங்காளத்துப் பட்டுவா அதைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. அவனுக்கும் அவனூர்ப் பூனைகள் இருந்திருக்கின்றன.

படம் வந்து சேர்ந்துவிட்டது. ஆணியடிக்கும் இடம்தான் முடிவாகவில்லை. வருவோர் காணும்படி வாசலுக்கு எதிரே மாட்டலாம் என்கிறார்கள் பிள்ளைகள். பூசையறைக்கு நேர் எதிர்ச்சுவரில், கும்பிட்டுத் திரும்பும்போது முதலில் கண்ணில் படும்படி மாட்டவேண்டும் என்பது இல்லத்தரசியின் கட்சி. அந்த யோசனையைச் சொல்லும்போது அவர் ஏன் நம் முகத்தைப் பார்த்தார் என்பதை நாம் விசாரிக்கவில்லை.